அரைக்கரைக்கு ஓர் அணிந்துரை

பதிப்பாளரின் அறையில் அன்று ஐந்து பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில், பதிப்பாளர். அவருக்கு வலப்பக்கம் சன்னலை ஒட்டி மெய்ப்புத் திருத்துகிறவர். பேசும்போது நினைத்த இடத்தில் எல்லாம் நிறுத்தி மூச்சு வாங்குவார், அதனால் அவருக்குக் கால்புள்ளி என்று பெயர். மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான். மற்றதில் நாவல் எழுதியிருக்கும் பெண். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர், முப்பது வயதைத் தொட்டிருக்க மாட்டாள். கதவோரம், கட்டுப் பிரிக்காத புத்தகப் பொதி ஒன்றின் மேல், அவள் அழைத்து வந்திருந்த படகோட்டி. நாற்காலி கொண்டுவரச் சொன்னதற்கு, "இருக்கட்டும், இதுவே படகுப் பலகை மாதிரிதான் இருக்கு" என்று சௌகரியமாக உட்கார்ந்துவிட்டார்.

அவர் உட்கார்ந்திருந்த பொதிக்குள் இருந்தவை என் நாவலின் பிரதிகள்.

அந்த நாவலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. பாலம் கட்டுவதற்கு முன்னால் எங்கள் ஆற்றில் ஓடிய படகுகளைப் பற்றியது. மின்சார அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, கிடைத்த விடுமுறையை எல்லாம் ஆவணக் காப்பகத்தில் கழித்து எழுதினேன். படகு வரி, வெள்ள மட்டம், மூழ்கியவர்களின் கணக்கு, துடுப்புக்கு எந்த மரம் என்பது வரை. ஒவ்வொரு அத்தியாயத்துக்குக் கீழும் சான்றுக் குறிப்பு உண்டு. இலக்கியக் கூட்டங்களில் என்னை ஆதாரக்காரர் என்பார்கள். பாதி கேலிதான். ஆனாலும் எனக்கென்று இருக்கும் பெயர் அது ஒன்றுதான், நான் அதை விரும்பியே போட்டுக்கொண்டேன். "ஆதாரம் இல்லாமல் ஒரு கொசுவைக்கூட என் நாவலில் பறக்க விடமாட்டேன்" என்று மேடையிலேயே சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு இடத்தைத் தவிர. ஆற்றின் நடுவில், இரண்டு கரையும் ஒரே தூரத்தில் தெரிகிற இடத்துக்குப் படகோட்டிகள் என்ன பெயர் சொன்னார்கள் என்று எந்த ஆவணத்திலும் இல்லை. ஆவணம் எழுதியவர்கள் எல்லாம் கரையில் உட்கார்ந்து எழுதியவர்கள். அதனால் நானே ஒரு சொல்லை வைத்தேன். அரைக்கரை. அந்த இடம் வந்ததும் படகோட்டி துடுப்பைத் தூக்கி மூன்று மூச்சு நேரம் சும்மா இருப்பான், அதற்குப் பிறகு எந்தப் பயணியும் திரும்பச் சொல்லக்கூடாது என்று ஒரு வழக்கத்தையும் வைத்தேன். அந்தப் பக்கத்துக்குக் கீழே மட்டும் குறிப்பு இல்லை. நாவலுக்கு வந்த ஒரே மதிப்புரை அந்தப் பக்கத்தை மட்டும்தான் பாராட்டியது.

இப்போது பதிப்பாளர் ஒரு தட்டச்சுப் பிரதியை என் பக்கம் தள்ளினார்.

"சார், இந்தப் பொண்ணோட முதல் நாவல். அதே ஆறு, அதே படகு. நீங்க அணிந்துரை எழுதினா எடுப்பா இருக்கும்."

மேலே பெரிய எழுத்தில் தலைப்பு இருந்தது. அரைக்கரை.

"நல்ல சொல்" என்றேன். என் குரல் எனக்கே பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருந்தது. "எங்கே கிடைத்தது?"

"இவர்கிட்டதான் சார்" என்று அவள் கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். "ஆத்துக்காரங்க வார்த்தை. நான் போய்க் கேட்டேன், சொன்னாரு."

"எங்க தாத்தா காலத்து வார்த்தை" என்றார் படகோட்டி, என் பிரதிகளின் மேல் இன்னும் கொஞ்சம் நன்றாக உட்கார்ந்துகொண்டு.

"அகராதியில, பார்த்தேன், இல்ல" என்றார் கால்புள்ளி.

"அகராதியில இல்லாததுதான்யா மக்கள் வார்த்தை" என்றார் பதிப்பாளர். "அதுலதான் புத்தகமே நிக்குது."

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். அய்யா, அது நான் செய்த சொல், நீங்கள் உட்கார்ந்திருக்கிற பொதிக்குள்ளேயே இருக்கிறது என்று. சொன்னால், ஆதாரக்காரர் கற்பனையாக ஒன்றைச் செய்து வரலாறுபோல வைத்திருக்கிறார் என்று ஆகும். சொல்லாவிட்டால், என் நாவலில் உயிரோடு இருக்கிற ஒரே சொல் இந்தப் பெண்ணின் அட்டையில் போய் உட்காரும். பிரதியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எழுதுகிறேன் என்றும் சொன்னேன்.

வெளியே வந்தபோது படகோட்டி படிக்கட்டில் நின்று வெற்று ஆற்றைப் பார்ப்பதுபோல வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேட்டேன்.

"உங்க தாத்தா அந்த வார்த்தைய எப்படிச் சொல்வாரு?"

"எப்படின்னா? வாயாலதான்."

"இல்ல, எந்தச் சமயத்துல?"

அவர் தம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு, இல்லாத துடுப்பை இரண்டு கையாலும் தூக்கி மடியில் கிடத்தினார். மூன்று மூச்சு விட்டார். நான் எழுதியபடியே. பிறகு குனிந்து, இல்லாத தண்ணீரைத் தொட்டு, ஈரக் கையால் பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அதை நான் எழுதவில்லை.

"கழுத்தைத் துடைக்கிறது எதுக்கு?"

"வேர்க்கும்ல" என்றார், இதைக்கூடக் கேட்பானா ஒருவன் என்ற முகத்தோடு.

"கதைப் புத்தகம் படிக்கிற பழக்கம் உண்டா?"

"நமக்குக் கண்ணாடி போட்டாத் தலை வலிக்கும் சார். மருமக படிப்பா. லைப்ரரிலேருந்து கொண்டாந்து மாமியாருக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுவா. நான் பக்கத்துல படுத்திருப்பேன், பாதியில தூங்கிருவேன்."

அதில் என் நாவலும் இருந்ததா, தூங்கியது எந்தப் பாதியில் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டும் பயனில்லை. தாத்தாவின் கை அவர் கைக்குள் வந்துவிட்டிருந்தது. அதை நான் வைத்தேனா, தாத்தா வைத்தாரா என்று அவருக்கே இனி தெரியப்போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் பிரதியை விரித்து, சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். பென்சிலை அவ்வளவு கூராக நான் என்றைக்கும் சீவியதில்லை. முதல் அத்தியாயத்திலேயே கிடைத்தது: நீராவிப் படகு அந்த ஆற்றுக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே அதன் ஊதல் கேட்கிறது. ஓரத்தில் குறித்தேன். அடுத்து, கோடையில் வெள்ளம். குறித்தேன். துடுப்பு மரம் தப்பு. குறித்தேன். மனது இலேசாகிக்கொண்டே வந்தது. இது அணிந்துரை எழுதும் வேலையா, ஆப்பு வைக்கும் வேலையா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது.

வீட்டை விட்டு வந்த ஒருத்தி, கையில் ஒரு பையோடு, விடியும் நேரத்தில் தனியாகப் படகில் ஏறுகிறாள். ஏன் வந்தாள் என்று ஆசிரியை சொல்லவில்லை. நடு ஆற்றில் படகோட்டி துடுப்பைத் தூக்குகிறான், கழுத்தைத் துடைத்துக்கொள்கிறான். பிறகு அவளைப் பார்க்காமல் கேட்கிறான்: "அரைக்கரை வந்தாச்சு. போலாமா, திரும்பலாமா?" அப்படிக் கேட்பது அவன் தொழிலின் கடமை. யார் ஏறினாலும் அங்கே ஒருமுறை கேட்டே ஆக வேண்டும். ஏனென்றால் ஆற்றிலேயே அந்த ஒரு இடத்தில்தான் இரண்டு பக்கமும் ஒரே தூரம், எந்தப் பதில் சொன்னாலும் நட்டமில்லை. அவள் பதில் சொல்லாமல் பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைக்கிறாள். அவன் புரிந்துகொண்டு துடுப்பைப் போடுகிறான்.

பென்சில் கையிலேயே நின்றது.

நான் அந்த இடத்தில் ஒரு தடையை வைத்திருந்தேன், இனிமேல் திரும்பக்கூடாது என்று. அவள் ஒரு கேள்வியை வைத்திருக்கிறாள். அரைக்கரை என்ற சொல்லைச் சும்மா வாயில் போட்டுப் பார்த்தாலே தெரியும், அவள் வைத்ததுதான் அதற்குள் இருக்கிறது. சொல்லைச் செய்தவன் நான், அதன் பொருளைத் தப்பாக எழுதியவனும் நான். காப்பகத்தில் அத்தனை வருடம் தூசி தின்றேன், ஒரு பயணி நடு ஆற்றில் என்ன நினைத்திருப்பாள் என்று ஒரு நாள் யோசிக்கவில்லை. படகின் நீளத்தை அளந்தவனுக்கு அதில் உட்கார்ந்திருந்தவளின் மடி தெரியவில்லை. இவளோ பல் வலி என்று வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக்கொண்டே இதைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

எழுந்து அடுக்களைக்குப் போனேன். பசியாக இருக்கும் என்று ஒரு ரொட்டித் துண்டைத் தின்றேன். பசி இல்லை.

தாளை எடுத்தேன். எனக்குக் கோபம் வந்தாலும் கடிதத்தின் ஒழுங்கு கெடாது. பள்ளிக்கூடத்திலேயே கடிதத்துக்கு மட்டும் முழு மதிப்பெண் வாங்கியவன். பெறுநர் எழுதினேன். பொருள்: தலைப்பு தொடர்பாக. பார்வை: எனது நாவல், இந்தப் பக்கம். ‘மேற்படி சொல் என்னால் உருவாக்கப்பட்டது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்கு’ என்பது வரை வந்தபோது தொலைபேசி அடித்தது.

அவள்தான்.

"சார், கால்புள்ளி சார் இப்பதான் சொன்னாரு, அரைக்கரை உங்க நாவல்லயே இருக்காமே. சத்தியமா நான் படிச்சதில்ல சார். மன்னிச்சிருங்க."

"பரவாயில்லம்மா."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், தலைப்பை மாத்திடறேன். உள்ளேயும் எடுத்துடறேன்."

நான் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

"இன்னொண்ணு சார். உங்க புத்தகத்துல எல்லாத்துக்கும் ஆதாரம் இருக்கும்னு சொன்னாரு. அப்ப இதுவும் ஏதோ ஆவணத்துல இருந்துதானே எடுத்திருப்பீங்க? எதுலன்னு சொன்னா, முன்னுரையில நன்றியோட போட்டுடலாம்."

ஆதாரம் கேட்கிறாள். என்னிடம். அதுவும் எவ்வளவு மரியாதையாக.

"கடிதத்தில் எழுதுகிறேன்" என்று வைத்துவிட்டேன்.

என் மனைவி அப்போதுதான் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள். முனைத்தெரு தையற்கடை அவளுடையது. எனக்கு ஓய்வூதியம் வந்தாலும் வீடு நடப்பது அந்தக் கடையால்தான், அதை அவள் சொல்லிக்காட்டுவதில்லை, மாதம் ஒருமுறைதான் சொல்வாள். தோளில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டே மேசையருகில் வந்து கடிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்ன இது, அரைக்கரை உங்களால உருவாக்கப்பட்டதா?"

"ஆமா."

"அது என் வார்த்தைங்க."

"விளையாடாதே. நானே நொந்துபோயிருக்கேன்."

"நான் ஏன் விளையாடறேன்? கடை ஆரம்பிச்ச புதுசுல அந்தத் தங்கும் விடுதிக்குத் திரைச்சீலை தைச்சோம், ஞாபகம் இருக்கா? கரைத்துணி பத்தல. முழு நீளத்துக்கும் கரை வைக்காம, கண்ணுக்குத் தெரியற பாதிக்கு மட்டும் வைச்சு, மீதியச் சோபாவுக்குப் பின்னால மறைச்சோம். அரைக்கரைன்னு நான்தான் பேர் வைச்சேன். இன்னிக்கும் கடையில அந்த வேலைக்கு அதான் பேரு. நீங்க நாவல் எழுதறேன்னு லீவு போட்டுட்டு, எழுத வரலைன்னு ஸ்டூல்ல உக்காந்து எனக்குப் பட்டன் தைச்சுக் குடுத்துட்டிருந்தீங்க."

"அது துணிக்கரை. நான் எழுதினது ஆத்துக்கரை."

"அதனாலதான் கேக்கறேன். ஆத்துல ஓரமாத்தானே கரை இருக்கும். நடுவுல எப்படி அரைக்கரை வரும்? உங்க மூளைக்கு அப்படி ஒண்ணு தானா வந்திருக்குமா?"

"நீ சொன்னதா எனக்கு ஞாபகமே இல்ல."

"நான் சொல்றது எதுதான் உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கு. ஆதாரம் வேணும்னா போய்ப் பாருங்க, அந்தத் திரை இன்னும் அங்கதான் தொங்குது."

நான் போய்ப் பார்க்கவில்லை. கிடைத்த சான்றை வேண்டாம் என்று விட்டது அதுதான் முதல் தடவை. அவள் சொல்லச் சொல்ல, ஊசி குத்திய என் கட்டைவிரல் மட்டும் எதையோ நினைவுகூர்வதுபோல இருந்தது. ஆனால் நினைவு அப்படித்தானே வேலை செய்யும். படகோட்டிக்குத் தாத்தா வந்ததைப்போல எனக்கு ஸ்டூல் வருகிறதோ என்னவோ.

ஒன்று மட்டும் உறுதி. அந்தப் பெண் மேல் எனக்கிருந்த பொறாமை கொஞ்சமும் குறையவில்லை. பக்கத்தில் என் மனைவிக்கும் ஓர் இருக்கை போட்டுக்கொண்டது, அவ்வளவுதான். ஒருத்திக்குக் கடை, பெயர்ப்பலகை, வாடிக்கையாளர், கடைசியில் வார்த்தையும். இன்னொருத்திக்கு அதன் பொருள். எனக்கு மிஞ்சியது சான்றுக் குறிப்பு.

என் மனைவி அதற்குள் பிரதியை எடுத்து, நான் பென்சிலை வைத்திருந்த பக்கத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தாள். நின்றுகொண்டே. கைப்பை இன்னும் தோளில் இருந்தது. பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். ஒரு காலின் பாரத்தை இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டாள், உட்காரவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நாவலை அவள் படித்தபோதும் இப்படித்தான் பார்த்தேன், அப்போது மூன்றாவது அத்தியாயத்தில் "அப்புறம் படிக்கிறேன்" என்று கீரை ஆயப் போனாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்குங்க."

"என்னோடதைவிடவா?"

"உங்களோடதும் நல்லாத்தான் இருந்துச்சு."

"அது எனக்குத் தெரியும். கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவள் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசிக்கவில்லை, எப்படிச் சொன்னால் எனக்குப் புரியும் என்று யோசித்தாள்.

"உங்களோடதைப் பஸ்ல படிச்சேன்னா, ஸ்டாப் வந்துருச்சான்னு அப்பப்ப வெளிய பாப்பேன். இதைப் படிச்சா ஸ்டாப்பத் தாண்டிப் போயிருவேன்."

சொல்லிவிட்டுக் கைப்பையை மாட்டப் போனாள். நான் எழுதி வைத்திருந்த பாதிக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தொலைபேசியில் அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாளே, அது உண்மைதான். ‘எனது’ என்று எழுதி அனுப்பினால் அவள் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுவாள். எடுத்தபின் அந்தச் சொல் எங்கே போகும்? பதிப்பாளரின் கதவோரத்தில் பொதிக்குள் போகும். அவள் நாவலில் விடியலில் படகேறியவள் பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருப்பாள், அவளை யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். எனக்கு அந்தப் பயணி மேலும் பொறாமைதான், என் நாவலில் ஏறியிருக்க வேண்டியவள். ஆனாலும் அவளை நடு ஆற்றில் அப்படி விட மனம் வரவில்லை.

வேறு தாளை எடுத்தேன்.

முதலில் தவறுகளை எழுதினேன்; நீராவிப் படகு, வெள்ளம், துடுப்பு மரம், ஒவ்வொன்றுக்கும் சான்றோடு. அவற்றை அவள் திருத்திக்கொள்ளட்டும். எதையும் விட்டுவைக்கவில்லை, அதில் எனக்கிருந்த சந்தோஷத்தையும் மறைக்கவில்லை. அதற்குக் கீழே எழுதினேன்:

‘அரைக்கரை என்ற சொல்லுக்குத் தாங்கள் ஆதாரம் கேட்டிருந்தீர்கள். எந்த ஆவணத்திலும் இல்லை. என் நாவலுக்காக நான் செய்தது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். என் மனைவி தன் கடையில் திரைச்சீலைக்கு வைத்த பெயர் என்று இன்று தெரிவிக்கிறார். படகோட்டி தன் தாத்தாவின் சொல் என்கிறார். மூவரில் யார் சொல்வதையும் மறுக்க என்னிடம் சான்று இல்லை. நான் அந்தச் சொல்லுக்கு எழுதிய பொருள் தவறு. தாங்கள் எழுதியதே சரி. தலைப்பை மாற்ற வேண்டாம். என் நாவலின் அந்தப் பக்கம் கற்பனை என்பதைத் தங்கள் முன்னுரையில் தாராளமாகக் குறிப்பிடலாம்.’

கடைசி வாக்கியத்தை எழுத மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது.

அணிந்துரையைத் தனித் தாளில் எழுதினேன். இரண்டு பக்கம்தான். அதில் ஒரு பத்தி இப்படி வந்தது: ‘இந்த நாவலின் மேல் எனக்குப் பொறாமை. அணிந்துரைகளில் வழக்கமாக எழுதுகிற செல்லப் பொறாமை அல்ல. சோறு இறங்காத பொறாமை. இதை நான் எழுதியிருக்க வேண்டும். ஆற்றைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பாதிகூட ஆசிரியைக்குத் தெரியாது. படகில் ஏறுகிறவர்களை அவருக்குத் தெரிந்திருக்கிறது.’

மனைவியிடம் காட்டினேன். இரண்டையும் மெதுவாகப் படித்தாள்.

"இதைப் போட்டா நாலு பேரு சிரிப்பாங்களேங்க."

"சிரிக்கட்டும்."

"ஆதாரக்காரர்னு இனிமே எவனும் கூப்பிட மாட்டான்."

"தெரியும்."

"என்னையப் பத்தி எழுதினீங்களே, கடை பேரையும் சேர்த்துப் போட்டிருக்கலாம். நாலு திரைச்சீலை ஆர்டராவது வரும்."

"புத்தகத்துல விளம்பரம் போட மாட்டாங்க."

"பின்ன நீங்க போடறது என்னவாம்" என்றாள். ஆனால் உறையைத் தேடி எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

மறுநாள் அஞ்சலகத்தில் கூட்டமில்லை. உறையில் பெறுநர், அனுப்புநர் இரண்டையும் இன்னொருமுறை சரிபார்த்தேன். முகப்பில் இருந்த பெண் எடை போட்டு, தலையைத் தூக்காமல், "உறை ஒட்டலியே சார்" என்றாள். பசைக் கிண்ணம் காய்ந்து கிடந்தது. விரலில் தண்ணீர் தொட்டு மேலே தேய்த்துக் கிளறி, மடிப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பூசினேன். உள்ளே அணிந்துரையின் அந்தப் பொறாமைப் பத்தியின் கடைசி வரி வெளிச்சத்தில் தெரிந்தது. அரைக்கரை எழுதியவளின் பக்கத்தைவிட இது ஒன்றும் மோசமில்லை என்று ஒரு கணம் தோன்றியது. உடனே மடித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன்.

"ஒட்டிருச்சா?"

"ஒட்டிருச்சும்மா."

அவள் வாங்கி, முத்திரையை ஓங்கிக் குத்தி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டாள்.